பின்சீட்டில் யாரும் இல்லை

"அதுல இல்லம்மா."

"ஆட்டோ சாவி ஆணியிலதானே தொங்குச்சு?"

"நேத்து வரைக்கும். இப்ப அப்பாவோட தலகாணிக்கு அடியில இருக்கு."

"நீ பார்த்தியா?"

"பார்க்காமச் சொல்லுவேனா? விடியிறதுக்கு முந்தியே எழும்பி, கம்ப ஊனிக்கிட்டு மெதுவா வந்து எடுத்தாரு. நான் தூங்குற மாதிரி கெடந்தேன்."

பூரணி அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரொட்டியின் ஓரம் கருகிக்கொண்டிருந்தது. மகள்தான் கையை விட்டு அதைத் திருப்பிப் போட்டாள்.

"போய்க் கேளு."

"நீ வாங்கிட்டு வா பிரேமினி."

"ஓட்டப் போறது நீயா, நானா?"

பதினாறு வயதுக்குக் கொஞ்சம் பெரிய வாய்தான் அவளுக்கு. ஆனால் கேட்டுவிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பயமா இருக்கா?"

"இல்ல."

"கை ஏன் நடுங்குது?"

"குளிருக்கு."

எரிகிற அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு அப்படிச் சொன்னதை இரண்டு பேருமே பெரிதுபடுத்தவில்லை.

*

கொட்டகலை பஜாரிலிருந்து தேயிலைக்குள் ஏறும் பாதை முடிகிற இடம்தான் தோட்டத்தின் மேல் டிவிசன். அங்கே ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளான லயங்களில், நடு லயத்தின் கடைசி வீட்டில் இந்த மூன்று பேரும் இருக்கிறார்கள். போன ஆடி மழையில், முனிக்கல் முடக்கு என்கிற வளைவில், பூரணியின் கணவன் ஜெயசீலனின் ஆட்டோ பாதையை விட்டு இறங்கியது. தேயிலைச் செடிகள் ஆட்டோவைத் தாங்கிக்கொண்டன. அவனுடைய இடது காலைத் தாங்க எதுவும் இல்லாமல் போயிற்று.

"பிரேக் போயிருச்சு" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சொன்னான். அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. எதைப் பற்றியுமே அதிகம் பேசவில்லை. காலுக்குள் கம்பி வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து லயத்து வாசலைத் தாண்டி அவன் எங்கும் போகவில்லை. பழுது பார்த்துக் கொண்டுவந்த ஆட்டோவும் பச்சைத் தார்ப்பாய்ப் படங்கைப் போர்த்திக்கொண்டு வீட்டுப் பக்கவாட்டில் அப்படியே நின்றது. ஒரே வீட்டில் இரண்டு நோயாளிகள் என்று பிரேமினி சொல்வாள்.

நாளைக்குத் திங்கட்கிழமை. விடிந்தால் இரண்டில் ஒன்று நடந்தாக வேண்டும். மேல் டிவிசன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பூரணி கொட்டகலைப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் கொழும்பு ரயில் ஏறி, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கு எடுக்கும் மெடிக்கலுக்குப் போக வேண்டும். பாஸ்போர்ட் ட்ரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவில் இருந்தது. ஹட்டன் ஏஜென்சிக்காரர் நாள்தவறாமல் போன் எடுத்து, "என்னாம்மா, வாறீங்கதானே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளின் பெற்றோருக்காகப் பேசியவர் அடுத்த லயத்து வீரய்யா. ஜெயசீலன் விழுந்ததிலிருந்து பிள்ளைகள் மழையில் நனைந்துகொண்டு நடந்து போகிறார்கள்.

"ஒருக்கா தனியா கீழ போயி மேல வந்து காட்டு தங்கச்சி. கூட யாரும் இருக்கப்படாது. அப்புறம் புள்ளைங்கள ஏத்துறோம். இல்லாட்டி பஜார்ல இருந்து தர்ஷன் வாறேங்குறான்."

அதில் தப்பொன்றும் இல்லை. அவருடைய மகள்களும் அந்தப் பிள்ளைகளில் இருந்தார்கள்.

பூரணியிடம் லைசன்ஸ் இருந்தது. கொழுந்து பறித்து முடித்த பின்னேரங்களில், கொட்டகலையில் ஒரு விளையாட்டு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி, பழக்குகிறவரின் ஓட்டை ஆட்டோவில் பழகினாள். நுவரெலியாவில் லைசன்ஸுக்கான ட்ரையலும் சமதரையில்தான் நடந்தது. மலையில் பிறந்து, மலையில் வளர்ந்து, மலையைத் தவிர வேறெதையும் பெரிதாகப் பார்த்திராத அவள், சமதரையில் ஓட்டத்தான் கற்றிருந்தாள்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யாராவது "அப்ப வேணாம்" என்பார்கள். யாராவது வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டார்களா என்று ஒருபக்கம் ஏங்கிக்கொண்டும் இருந்தாள். அதனால்தான் சொல்லவில்லை.

*

ஜெயசீலன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கம்பளி மேலும் கீழுமாக அசைகிற விதத்திலேயே அவன் தூங்கவில்லை என்பது தெரிந்தது.

"என்னாங்க."

கம்பளி அசைவது நின்றது.

"சாவி வேணும்."

வெளியே யாரோ பீலியில் வாளியை வைத்தார்கள். தண்ணீர் விழுகிற சத்தம் முதலில் தகரத்திலும் பிறகு தண்ணீரிலும் கேட்டது.

"இன்னிக்கு மட்டுந்தான். எனக்குச் சரிவரலன்னா நானே கொண்டாந்து குடுத்துர்றேன். நாளைக்கு ரயிலேறிர்றேன்."

அவன் திரும்பவில்லை. ஒரு காலத்தில் அவளைத் தூங்கவிடாமல் பேசிக்கொண்டிருந்த முதுகு அது. பாட்டும் கேலியுமாக, ஹேண்டிலைப் பிடித்தபடி பாதி திரும்பி, பின்சீட்டில் இருப்பவளிடம் கதை சொல்லிக்கொண்டு வந்த முதுகு. இப்போது அதில் ஒரு சுவர் மட்டும்தான் இருந்தது.

அவள் குனிந்து தலையணைக்கு அடியில் கையை நுழைத்தாள். விரல்கள் அவனுடைய தலையின் பாரத்துக்குக் கீழே போயின. சாவி கிடைத்தது. கையை வெளியே இழுக்கப் போனபோது பாரம் சட்டென்று குறைந்தது. அவன் தலையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்திருந்தான். அவ்வளவுதான்.

சாவி சூடாக இருந்தது. விடியற்காலையிலிருந்து அதைக் கைக்குள் பொத்திவைத்திருந்து, அவள் வருகிற சத்தம் கேட்டுத்தான் தலையணைக்கு அடியில் மறுபடி வைத்திருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது.

*

"கொழுந்துக் கூடைய பின்சீட்டுல வச்சுக்க தங்கச்சி. பாரம் இருந்தா நேரா போகும்!" என்றார் வீரய்யா.

லயத்து வாசல்களில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பிரேமினி முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மாமா, அம்மா கூடையோட போனாலும் நேராத்தான் போகும். நீங்க சாராயம் இல்லாமயே கோணலா நடக்குற ஆளு."

"இந்தப் புள்ளைக்கு வாய் மட்டும் லைசன்ஸ் இல்லாம ஓடுது!"

மறுபடி சிரிப்பு. பூரணியும் சிரிக்க முயன்றாள். உதடுகள் பல்லில் ஒட்டிக்கொண்டன.

பிரேமினி ஆட்டோவுக்குள் தலையை விட்டாள். "நானும் வரட்டா? பின்னுக்குப் படுத்துக்கிறேன். யாருக்கும் தெரியாது."

"வேணாம்."

"விழுந்தாலும் தேயிலைதாம்மா. அப்பாவையே தாங்கிருச்சு, ஒன்னயத் தாங்காதா?"

"ஏய், போ அங்கிட்டு."

எலுமிச்சம்பழம் நசுங்கியது. ஆட்டோ இரண்டு தடவை குதித்து, பிறகு ஓடத் தொடங்கியது. கண்ணாடியில் பிரேமினியும் வீரய்யாவும் பெண்களும் சின்னதாகிக்கொண்டே போனார்கள். அவர்களுக்குப் பின்னால் தெரிந்த கடைசி வீட்டு வாசலில் யாரும் இல்லை.

லயத்திலிருந்து பெரட்டுக்களம் வரைக்கும் பாதை தட்டையாகத்தான் இருக்கும். காலையில் பெயர் கூப்பிட்டு ஆட்களை மலைக்கு அனுப்புகிற அந்தக் களத்தில் ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. அதைத் தாண்டியதும் பாதை ஒரேயடியாகக் கீழே சரிகிறது.

அவள் களத்தின் விளிம்பில் நிறுத்தினாள்.

கீழே பனி, தேயிலைக்கு மேல் பால் கொதித்துப் பொங்கியதுபோலக் கிடந்தது. பாதை அதற்குள் இறங்கிக் காணாமல் போயிற்று. எங்கோ அடியில் ஒரு ரயில் ஊதியது. கொட்டகலை ஸ்டேசனாக இருக்கும். நாளைக்கு அவளை ஏற்றிக்கொண்டு போகக் காத்திருக்கிற ரயிலும் இதே குரலில்தான் ஊதும்.

திடீரென்று அவளுக்கு ஒன்று உறைத்தது. இவ்வளவு தனியாக அவள் ஒருநாளும் இருந்ததே இல்லை. லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். மலையில் பக்கத்து நிரையில் எப்போதும் யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள். இப்போது முன்னால் பனி. பின்னால் காலிச் சீட். அதை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

அந்தச் சீட்டிலிருந்துதான் அவளுக்கு இந்தப் பாதை தெரியும்.

நாட்டில் பெட்ரோல் இல்லாத அந்த வருசம், கொட்டகலை ஷெட்டில் இராத்திரி பகலாக வரிசையில் கிடந்து வாங்கிய பெட்ரோலை ஜெயசீலன் சொட்டுச் சொட்டாகக் காப்பாற்றினான். பெரட்டுக்களத்தைத் தாண்டியதும் எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் விட்டுவிடுவான். "எறக்கத்துக்கு எதுக்கு புள்ள பெட்ரோலு? மலையே நம்மளத் தள்ளிவிடுது" என்பான். பஜார் வரைக்கும் அப்படியே இறங்குவார்கள். சத்தமே இருக்காது. காற்றும், டயருக்குக் கீழே நெரிகிற மணலும், அவனுடைய பாட்டும் மட்டும் கேட்கும். பெட்ரோல் திரும்பக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அவன் அந்தப் பழக்கத்தை விடவில்லை. விட வேண்டும் என்று அவளும் நினைத்ததில்லை. மலையிலிருந்து இறங்குவது என்றாலே அவளுக்கு அந்த அமைதிதான். அவளுடைய வாழ்க்கையில் சந்தோசம் என்று கையை நீட்டிக் காட்டக்கூடிய இடம் எது என்று யாராவது கேட்டால், அந்த அமைதியைத்தான் காட்டியிருப்பாள்.

எஞ்சினை நிறுத்த அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் கிளட்சைப் பிடித்து, இடது கைப்பிடியைத் திருப்பி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாள். எஞ்சின் உறுமலை விட்டுவிட்டு முணுமுணுப்புக்கு இறங்கியது. பிரேக்கிலிருந்து காலைக் கொஞ்சம் தளர்த்தினாள்.

மலை தள்ளிவிட்டது.

*

முதல் வளைவு எளிதாக வந்தது. இரண்டாவதும். பனி விலகி விலகி வழிவிட்டது. ஓரத்துத் தேயிலை பச்சைக் கோடாக ஓடியது. காற்று கன்னத்தில் பட்டபோது, கடவுளே, இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் தூங்காமல் கிடந்தேன் என்று நினைத்தாள். தன்னை அறியாமல் அவனுடைய பாட்டை முணுமுணுக்கக்கூடத் தொடங்கினாள்.

வேகம் கூடுவது முதலில் காதில்தான் தெரிந்தது. மணல் நெரிகிற சத்தம் ஒரே சீறலாக மாறியிருந்தது. பிரேக்கை அழுத்தினாள். குறைந்தது. விட்டாள். கூடியது. மறுபடி அழுத்தினாள். இந்த முறை கால் முந்தியதைவிட ஆழமாகப் போயிற்று. துணி கருகுவதைப் போல ஒரு நாற்றம் கீழிருந்து ஏறி வந்தது.

மறுபடி அழுத்தினாள். கால் ஈர மண்ணில் இறங்குவதுபோல இறங்கியது. ஆட்டோ அதைக் கண்டுகொள்ளவில்லை.

"அம்மா" என்றாள் பூரணி. அவளுடைய தாய் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அடுத்து வருவது முனிக்கல் முடக்கு. பாறையை வெட்டி வளைத்த கூர்மையான திருப்பம். வளைவில் ஒரு கல்லும் சூலமும் இருக்கும். ஏறுகிற வண்டியும் இறங்குகிற வண்டியும் அங்கே இரண்டு தடவை ஹார்ன் அடிக்க வேண்டும் என்பது வழக்கம். ஒன்று முனிக்கு, ஒன்று எதிரே வருகிறவனுக்கு என்று ஜெயசீலன் சொல்வான். லயம் வரைக்கும் அது கேட்கும். அப்பாவின் ஹார்ன் கேட்டால் பிரேமினி தேத்தண்ணிக் கேத்தலை அடுப்பில் வைப்பாள்.

ஹார்ன் எங்கே இருக்கிறது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

பயம் ஒரு உருவமாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி எதுவும் வரவில்லை. எல்லாம் மெதுவாக, மிகத் தெளிவாக, அவளுக்குச் சம்பந்தமில்லாததைப்போல நடந்துகொண்டிருந்தது. கால்கள் மட்டும் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தன. நிறைந்த கொழுந்து மூட்டையோடு சரிவில் இறங்கும்போது அந்தக் கால்கள் ஒருநாளும் தம்மைத் தளர்த்தியது கிடையாது. முட்டியைக் கொஞ்சம் மடித்து, குதிகாலைப் பதித்து, ஒவ்வொரு அடியிலும் பாரத்தைப் பிடித்துப் பிடித்துத்தான் இறங்கும். பாரம் தள்ளுகிறதே என்று காலை விட்டுக்கொடுத்தவள் மூட்டையோடு உருளுவாள்.

இந்த வண்டிக்குக் கால் எது?

இடது கை தானாகக் கிளட்சை இழுத்தது. கைப்பிடியைத் திருப்பினாள். கடக்கென்று ஏதோ விழுந்தது. கிளட்சை விட்டாள்.

எஞ்சின் அலறியது. ஆட்டோ முழுக்க உதறி, அவளை ஹேண்டிலோடு மோதவைத்து, பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்ததைப்போல நின்று நின்று இறங்கியது. இவ்வளவு பெரிய சத்தத்தை அவள் வாழ்க்கையில் தன் கையால் உண்டாக்கியதில்லை. வளைவு வந்தது. ஹேண்டிலை ஒடித்தாள். பாறை ஒரு முழத் தூரத்தில் கடந்துபோயிற்று. சூலத்தில் கட்டியிருந்த சிவப்புத் துணி கண்ணில் பட்டது. வண்டி அலறிக்கொண்டே, ஆனால் நடக்கிற ஆளின் வேகத்தில், வளைவைத் தாண்டிக் கொஞ்சம் அகலமான இடத்துக்கு வந்தது. அவள் வண்டியைப் பாறையோரமாகச் சாய்த்து நிறுத்தினாள். இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்தாள். பிறகு அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஓரத்தில், ஜெயசீலன் விழுந்த இடம். ஒடிந்த செடிகளைக் கவ்வாத்து வெட்டி விட்டிருந்தார்கள். வெட்டிய இடங்களிலெல்லாம் சின்னச் சின்ன இலைகள் வந்திருந்தன.

அந்தக் கருகல் நாற்றம் இன்னும் போகவில்லை. அதை மோந்துகொண்டு வெகுநேரம் இருந்தாள். பிரேக் போயிருச்சு, என்று அவன் சொன்னான். போகவில்லை. அவனும் இந்தச் சரிவில், இதே அமைதியில், பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்திருக்கிறான். அன்றைக்கும் பின்சீட்டில் யாரும் இல்லை.

*

பஜார் வரைக்கும் இரண்டாவது கியரில் அலறிக்கொண்டே போனாள். ஞாயிற்றுக்கிழமைச் சனம் திரும்பிப் பார்த்தது.

"அக்கா! வண்டி வருதா, வானூர்தி வருதான்னு பார்த்தோம்" என்றான் ஆட்டோ ஸ்டாண்டில் நின்ற தர்ஷன். அருகே வந்தவன் மூக்கைச் சுளித்து, குனிந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய், உடனே இழுத்துக்கொண்டான்.

"நியூட்ரல்ல விட்டீங்களா?"

அவள் சக்கரத்தைப் பார்த்தாள்.

"ஜெயசீலண்ணே மாதிரியே. அவருக்கும் சொல்லிச் சொல்லிப் பார்த்தோம். எறங்கும்போது எஞ்சின் பிடிக்கணுங்க்கா. ஏறுற கியர்லயே எறங்கணும். பிரேக்க மட்டும் நம்புனா அது சூடாகி வழுக்கிரும்."

"இப்ப தெரியும்."

"பொழுது சாயிறதுக்குள்ள மேல வந்து கழட்டிப் பார்த்துத் தாறேன். இப்ப ஆறட்டும்."

"பள்ளிக்கூட ஓட்டம் ஒனக்கு வரவேண்டியதுன்னாங்க."

"அந்தப் பாதைக்கு நான் வாறதா? என்னோட முதுகுக்குத் தாங்காதுக்கா. வீரய்யாண்ணே கேட்டாருன்னுதான் தலைய ஆட்டுனேன்." அவன் சிரித்துவிட்டு, ஹயருக்கு ஆள் வந்ததும் போய்விட்டான்.

அவள் ஒரு பிளேன்டீ வாங்கிக்கொண்டு ஆட்டோவுக்கு வந்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. நான் இறங்கிவிட்டேன் என்று ஒரே ஒரு வரி. போனைக் கையில் எடுத்த பிறகுதான் நினைவு வந்தது. வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன். அது அவள் கையில் இருந்தது.

அப்போது அது அடித்தது. ஹட்டன் ஏஜென்சி. அடித்து முடியும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்சீட்டில் உட்கார மனம் வராமல் பின்னால் ஏறி, எப்போதும் உட்காருகிற ஓரத்தில் உட்கார்ந்து தேநீரைக் குடித்தாள். முன்னால் ஹேண்டில் வெறுமனே இருந்தது. பாட்டும் இல்லை, முதுகும் இல்லை. இனி அந்தச் சீட்டுக்குத் தானே போய் உட்கார்ந்தால்தான் இந்த வண்டி எங்கும் போகும் என்பது அந்தச் சின்ன இடத்தில் அவளுக்கு மிகத் தெளிவாகப் புரிந்தது. அழுகை வந்தது. அது பயத்தினால் வந்ததல்ல. அந்த அமைதிக்காக வந்தது. அதில் இனி ஒருபோதும் இறங்கிப் போக முடியாது.

தேநீர் முடிந்தது. கப்பைக் கடையில் கொடுத்துவிட்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

*

ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. முதல் கியரிலும் இரண்டாவதிலுமாக எஞ்சின் முனகிக்கொண்டு ஏறியது. முனிக்கல்லில் ஹார்னைத் தேடிப் பிடித்து இரண்டு தடவை அடித்தாள். ஒன்று முனிக்கு. ஒன்று எதிரே வருகிறவனுக்கு. எதிரே யாரும் வரவில்லை.

பெரட்டுக்களத்தில் வீரய்யா குடையோடு தனியாக நின்றார். கேலி செய்யத் தயாராக வாயைத் திறந்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

"வந்துட்டியா ஆத்தா."

"வந்துட்டேன்ணே. பிரேக் சூடாயிருச்சு. பின்னேரம் தர்ஷன் வந்து பார்க்குறேன்னான். அவன் சரின்னு சொன்னாத்தான் புள்ளைங்கள ஏத்துவேன். சொல்லலன்னா ஏத்த மாட்டேன்."

வீரய்யா குடையை அவள் பக்கம் சாய்த்தார். "இத ஒளிக்காமச் சொன்னியே. அது போதும். நாளைக்குப் புள்ளைங்கள வெள்ளன கெளப்பி வைக்கச் சொல்றேன்."

லயத்து முனையில் திரும்பியபோது அவள் தன்னை அறியாமல் பிரேக்கை அழுத்தினாள். ஆறியிருந்த பிரேக் பிடித்தது.

ஜெயசீலன் வெளியே நின்றான்.

வாசலில் அல்ல. வாசலைத் தாண்டி, வடிகால் கானைத் தாண்டி, பாதைச் சத்தம் நன்றாகக் கேட்கிற மேட்டு ஓரத்தில், கம்பை ஊன்றிக்கொண்டு, மழையில். ஸ்வெட்டர் முழுக்க நனைந்து கருத்திருந்தது. நனைந்த நிறத்தைப் பார்த்தால் இப்போது வந்து நின்ற ஆளாகத் தெரியவில்லை. வீட்டுக்குள் கேத்தல் கொதிக்கிற சத்தம் கேட்டது.

பிரேமினி ஓடிவந்தாள். "ஹார்ன் கேட்டதும் கேத்தல வையின்னு கத்துறாரும்மா! இத்தன மாசத்துல இன்னிக்குத்தான் இவ்ளோ சத்தமா பேசுறாரு." பிறகு தாயின் கையைப் பிடித்து, "ஏஜென்சிக்குச் சொல்லிட்டியா, வரலன்னு?" என்றாள்.

பூரணி போனை அவள் கையில் வைத்து, "நீயே சொல்லிரு. உள்ள போ. நனையாத" என்றாள்.

எஞ்சினை நிறுத்தினாள். மழை மட்டும் மிஞ்சியது. அவன் அருகே வந்து, ஆட்டோவின் கூரையில் கையை வைத்துக்கொண்டு நின்றான். அவளைப் பார்க்கவில்லை.

"பெரட்டுக்களம் வரைக்கும் சத்தம் கேட்டுச்சு" என்றான். பேசாமல் கிடந்த குரல் துருப்பிடித்துப்போயிருந்தது. "அப்புறம் கேக்கல."

அவள் ஹேண்டிலிலிருந்து கையை எடுத்தாள்.

"ரொம்ப நேரம் கேக்கல."

கூரையிலிருந்து தண்ணீர் அவன் புறங்கையில் ஒழுகியது. அதை அவன் துடைக்கவில்லை.

"பெறகு ஒரே அலறலாக் கேட்டுச்சு. செகண்டா?"

"செகண்டு."

அவன் தலையை ஆட்டினான். மறுபடி ஆட்டினான்.

"பிரேக் போகல" என்றாள் பூரணி. "சூடாகி வழுக்கிருச்சு. அவ்ளோதான்."

அவன் கம்பின் நுனியைப் பார்த்தான். அது ஈர மண்ணில் சின்னக் குழியைத் தோண்டிக்கொண்டிருந்தது. அவள் சாவியை உருவினாள். ஆணியில் மாட்டப்போகிற சாவி, இப்போது அவளுடைய கைச்சூட்டில் இருந்தது. படங்கை எடுத்து ஒரு முனையை அவன் பக்கம் நீட்டினாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். ஆனால் இழுத்து மூடவில்லை. பின்சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பூரணி."

அவள் நிமிர்ந்தாள்.

"நாளைக்குப் புள்ளைங்கள எறக்கிவிட்டுட்டு மேல வந்தப்புறம்... வண்டி சும்மாதானே நிக்கும்." மழைச் சத்தத்தில் அவன் குரல் தாழ்ந்துகொண்டே போயிற்று. "என்னைய ஒருக்கா கீழ கூட்டிக்கிட்டுப் போறியா? முனிக்கல் வரைக்கும் போதும். பின்னுக்குத்தான் உக்காந்துக்குவேன். ஒரு வார்த்த பேச மாட்டேன்."